செடேஷன் கொடுத்த பச்சிளங்குழந்தையைக் கவனிப்பது எப்படி: புதிதாகப் பணியேற்கும் செவிலியருக்கும் பயிற்சி மருத்துவருக்கும்

சேலம் மாவட்டத்தில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்கள் வார்மர், சி-பேப், வெண்டிலேட்டர், சிரிஞ்ச் பம்ப் ஆகியவற்றைச் சில வாரங்களில் கையாளப் பழகிவிடுகிறார்கள். கைவரத் தாமதமாவது வேறொன்று. அமைதிப்படுத்துவதற்காக மருந்து கொடுத்த குழந்தை உண்மையிலேயே அமைதியாகத் தூங்குகிறதா, மருந்தின் தீங்கில் அமிழ்ந்துகொண்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கும் பார்வைதான் அது. ஆன்டிபயாடிக் கொடுத்தபின் தோல் தடித்தால் அது பக்கவிளைவு என்று யாரும் சொல்லிவிடலாம். செடேஷன் மருந்தில் அப்படியில்லை. நாம் விரும்பிய விளைவே கொஞ்சம் கூடினால் தீய விளைவாகிவிடும். மூச்சு நிதானமாவதற்கும் மூச்சு நின்றுபோவதற்கும் இடையில் தெளிவான எல்லைக் கோடு எதுவும் கிடையாது.

எனவே இங்கே சொல்லப்படும் படிகள் எல்லாம் ஒரே வழக்கத்தைச் சார்ந்தவை. மருந்துக்கு முன்பு குழந்தை எப்படி இருந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும்; மருந்துக்குப் பின் தோன்றும் எந்தப் புதிய மாற்றத்திற்கும் முதலில் அந்த மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதில் வரும் அளவுகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கானவை. குழந்தைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை உங்கள் பிரிவின் நெறிமுறையும் மருத்துவரின் எழுத்துமூலமான உத்தரவுமே முடிவு செய்யும்.

முதற்படி: ஏற்கெனவே உடலில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

நம்மிடம் வரும் குழந்தைகளில் பலர் நம் பிரசவ அறையில் பிறந்தவர்கள் அல்லர். ஆத்தூர், வாழப்பாடி, மேட்டூர், எடப்பாடி என்று பல இடங்களிலிருந்து அனுப்பப்படுகிறார்கள். ஏற்காட்டிலிருந்து வரும் குழந்தை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் 108 ஆம்புலன்ஸில் கடந்து இறங்கி வருகிறது. வழியில் வலிப்பு வந்ததென்றோ, டியூபைப் பிடுங்கிவிடக் கூடாதென்றோ யாராவது ஒரு டோஸ் மருந்து கொடுத்திருக்கக்கூடும். பரிந்துரைச் சீட்டில் மருந்தின் பெயர் இருக்கும், கொடுத்த நேரம் இருக்காது. நேரம் இருந்தால் அளவு இருக்காது. உடன் வந்த ஆம்புலன்ஸ் பணியாளர் கிளம்பிப் போவதற்குள் இவற்றைக் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். அவர் போன பிறகு அந்தத் தகவலைத் தேடிப் பிடிக்க அரை நாள் ஆகும். அதற்குள் இரண்டாவது லோடிங் டோஸ் (தொடக்கத்தில் கொடுக்கும் பெரிய அளவு) ஏறியிருக்கும்.

தாய்க்குக் கொடுத்த மருந்தும் குழந்தையின் மருந்துதான். பிரசவ வேதனைக்குப் பெத்திடின், பென்டசோசின், ப்ரோமெத்தசின் ஆகியவற்றில் எதைக் கொடுத்தார்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். பெத்திடின் கொடுத்து இரண்டு மூன்று மணி நேரத்தில் பிறக்கும் குழந்தை மூச்செடுக்கத் தயங்குவது நன்கறியப்பட்ட ஒன்று. ஜன்னி கண்ட தாய்க்கு மெக்னீசியம் சல்ஃபேட் கொடுத்திருந்தால் குழந்தை துவண்டு, மூச்சு மந்தமாகப் பிறக்கலாம். இந்தக் குழந்தைகளுக்குச் செடேஷன் தேவைப்பட்டாலும் வழக்கமான அளவு அவர்களுக்கு அதிகமாகிவிடக்கூடும் என்பதை மருத்துவரிடம் நினைவுபடுத்துவது செவிலியரின் கடமைக்குள் அடங்கியதுதான்.

மூன்றாவதாகக் கேட்க வேண்டியது வீட்டு மருந்து. பிறந்து சில நாட்கள் வீட்டில் இருந்துவிட்டு வரும் குழந்தைக்கு உரைமருந்து கொடுத்திருப்பார்கள். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் என்று கல்லில் உரசித் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவது சமவெளியிலும் மலையிலும் பரவலான வழக்கம். இவற்றில் வசம்புக்கும் ஜாதிக்காய்க்கும் தூக்கம் வரவழைக்கும் தன்மை உண்டு. கசகசா அரைத்துக் கொடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. இதை விசாரிக்கும்போது குற்றம் சாட்டும் தொனி வந்துவிட்டால் பாட்டி வாயே திறக்க மாட்டார். “பாட்டிம்மா, பாப்பா நல்லா தூங்கட்டும்னு நாக்குல ஏதாச்சும் தடவுனீங்களா? எங்க வீட்லயும் தடவுவாங்க, அதான் கேக்கறேன்” என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையான பதில் கிடைக்கும்.

இரண்டாம் படி: கொடுக்கத்தான் வேண்டுமா?

பக்கவிளைவைத் தவிர்ப்பதில் மிகப் பெரிய பங்கு இந்தக் கேள்விக்கு உண்டு. வெண்டிலேட்டரில் இருக்கும் குழந்தை கை கால்களை உதறிக்கொண்டு இயந்திரத்தோடு மல்லுக்கட்டினால் உடனே மிடாசோலம் என்ற தூக்க மருந்தின் ஆம்பூலைத் தேடுவது பழைய பழக்கம். டியூப் இடம் மாறியிருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா, வெண்டிலேட்டரின் இணைப்பு கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு நனைந்த துணி, பசி, குளிர், இறுக்கிக் கட்டிய ஸ்ப்ளின்ட், ஊசி ஏறிய இடத்தின் வீக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு கூடியதால் துடிக்கும் குழந்தையைத் தூங்க வைத்தால், அது நமக்குத் தந்துகொண்டிருந்த ஒரே எச்சரிக்கையையும் நாமே அணைத்தவர்கள் ஆவோம்.

குதிகாலில் ரத்தம் எடுப்பது போன்ற சிறு வேதனைகளுக்குத் தாய்ப்பால், சர்க்கரைக் கரைசல், துணியால் அணைத்துச் சுற்றுதல், கை கால்களை மடக்கி உள்ளங்கையால் பற்றிக்கொள்ளுதல், தாயின் மார்போடு சேர்த்து வைக்கும் கங்காரு முறை ஆகியவையே போதும். இவற்றை மருந்து இல்லாத ஊருக்கான மாற்று வழி என்று எண்ண வேண்டாம். இவையே முதல் சிகிச்சை.

மிடாசோலம் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: குறைமாதக் குழந்தைக்கு அதை வழக்கமான இன்ஃப்யூஷனாக, அதாவது பம்ப் வழியே தொடர்ந்து, ஓட விடுவதற்குப் போதிய நியாயம் இல்லை. 1999-இல் வெளியான ஒரு முன்னோடி ஆய்வில், வெண்டிலேட்டரில் இருந்த 67 குறைமாதக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். மரணம், கடுமையான மூளை ரத்தக்கசிவு, மூளை வெண்பொருள் சேதம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வெறும் கரைசல் பெற்றவர்களில் 24 சதவீதமும், மிடாசோலம் பெற்றவர்களில் 32 சதவீதமும், மார்ஃபின் என்ற வலி மருந்து பெற்றவர்களில் 4 சதவீதமும் பாதிக்கப்பட்டிருந்தனர். இதைப் பார்த்து மார்ஃபினே தீர்வு என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் 898 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2004-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் மார்ஃபின் இன்ஃப்யூஷன் அந்தச் சேதங்களைக் குறைக்கவில்லை; ரத்த அழுத்தத்தைத்தான் குறைத்தது. வலி இருந்தால் வலிக்கு மருந்து கொடுங்கள். குழந்தை அசைகிறது என்பது மட்டுமே ஒரு மருந்துக்குக் காரணமாகிவிடாது. மிடாசோலத்திற்கு வலியைப் போக்கும் சக்தி கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். அது வலியின் வெளிப்பாட்டை மட்டும் மூடி மறைக்கும்.

மூன்றாம் படி: மருந்துக்கு முந்தைய குறிப்பு

ஊசி கையில் இருந்தாலும் இந்தக் குறிப்பை எழுதாமல் மருந்தைத் தொடாதீர்கள். இரண்டே நிமிட வேலை. ஓர் எடுத்துக்காட்டு: “காலை 10.10. எடை 1.2 கிலோ. வெண்டிலேட்டரில், ஆக்சிஜன் 30 சதவீதம், சாச்சுரேஷன் 93. நாடித்துடிப்பு 148. சராசரி ரத்த அழுத்தம் 34. வெப்பம் 36.7. வெண்டிலேட்டர் கொடுப்பது 40 மூச்சு, தானாக எடுப்பது அதற்கு மேல் 15 அளவில். உள்ளங்காலைத் தேய்த்தால் கண் திறந்து காலை இழுத்துக்கொள்கிறான். வயிறு மென்மை. கடைசியாகச் சிறுநீர் 9.20. கை நடுக்கம் இல்லை.”

இந்தக் குறிப்பின் கடைசி மூன்று வரிகளைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். எண்களை மானிட்டர் நினைவில் வைத்திருக்கும். வயிறு எப்படி இருந்தது, சிறுநீர் எப்போது போனது, நடுக்கம் முன்பே இருந்ததா என்பதையெல்லாம் எந்த இயந்திரமும் சொல்லாது. பின்னால் வரும் குழப்பங்களைத் தீர்ப்பவை இந்த வரிகள்தாம்.

செடேஷனின் ஆழத்தை எண்ணால் சொல்ல என்-பாஸ் என்ற அளவுகோல் பயன்படுகிறது. அழுகை, விழிப்பு நிலை, முகபாவம், கை கால்களின் விறைப்பு, நாடி மூச்சு அளவுகள் ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே பூஜ்யத்திலிருந்து மைனஸ் 2 வரை மதிப்பிட்டுக் கூட்ட வேண்டும். மைனஸ் 2 முதல் மைனஸ் 5 வரை இலேசான செடேஷன். அதற்குக் கீழே மைனஸ் 10 வரை ஆழமானது. வெண்டிலேட்டர் துணையில்லாத குழந்தையை ஆழமான நிலைக்குப் போக விடக் கூடாது. மெல்லத் தொட்டுத் தூண்டிப் பார்த்த பிறகே மதிப்பெண் போட வேண்டும். தள்ளி நின்று பார்த்துப் போடும் மதிப்பெண்ணால் பயனில்லை.

நான்காம் படி: கணக்கு, கலவை, ஏற்றும் வேகம்

பச்சிளங்குழந்தைகளுக்கான செடேஷன் மருந்துகள் பெரியவர்களுக்கான ஆம்பூல்களிலேயே வருகின்றன. ஆபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஃபென்டனில் என்ற வலி மருந்தின் ஆம்பூலில் 2 மில்லிலிட்டரில் 100 மைக்ரோகிராம் உள்ளது. ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்றால் தேவைப்படுவது 1.5 மைக்ரோகிராம், அதாவது நேரடி ஆம்பூலில் 0.03 மில்லிலிட்டர். ஊசியின் கழுத்தில் தங்கும் துளியே அதைவிட அதிகமாக இருக்கும். ஆகவே ஆம்பூலிலிருந்து 1 மில்லிலிட்டர் எடுத்து 9 மில்லிலிட்டர் சலைன் சேர்த்தால் ஒரு மில்லிலிட்டரில் 5 மைக்ரோகிராம் கிடைக்கும், அதில் 0.3 மில்லிலிட்டர் எடுத்தால் கணக்குச் சரியாகும். மிடாசோலத்தில் இன்னொரு வலை இருக்கிறது. அது ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றும் 5 மில்லிகிராம் என்றும் இரு வீரியங்களில் வருகிறது. சென்ற மாதம் இருந்த வீரியமே இந்த மாதமும் ஸ்டோரிலிருந்து வந்திருக்கும் என்று நம்பிக் கலந்தால் ஐந்து மடங்கு ஏறிவிடும். வலிப்பை அடக்கும் ஃபீனோபார்பிடோன், நம் நாட்டில் கிடைக்கும் ஊசியில், ஒரு மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ளது. மூன்று கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் லோடிங் டோஸ் என்றால் 60 மில்லிகிராம், அதாவது 0.3 மில்லிலிட்டர். புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருவர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு விடையை ஒப்பிட வேண்டும். ஒருவர் போட்டதற்கு மற்றவர் தலையாட்டுவது சரிபார்த்தல் ஆகாது.

லேபிளில் பதப்படுத்தும் பொருளையும் படியுங்கள். பென்சைல் ஆல்கஹால் கலந்த சலைனைக் குழாய் கழுவப் பயன்படுத்தியதால் குறைமாதக் குழந்தைகள் ரத்தத்தில் அமிலம் கூடி, மூச்சுத் திணறி இறந்ததை 1982-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். பலமுறை எடுக்கும் மிடாசோலம் வயல்கள் சிலவற்றில் அதே பொருள் இன்றும் உண்டு. பதப்படுத்தும் பொருள் இல்லாத ஆம்பூல் கிடைக்கிறதா என்று மருந்தகத்தில் கேளுங்கள்.

வேகம்தான் மருந்தைத் தீங்காக்கும் இன்னொரு காரணம். ஃபென்டனிலை மூன்று முதல் ஐந்து நிமிடத்திற்குள் மெல்ல ஏற்ற வேண்டும். வேகமாகத் தள்ளினால் மார்புக்கூடு விறைத்துவிடும். மிடாசோலத்தை வேகமாகச் செலுத்தினால், குறிப்பாக ஃபென்டனிலும் உடன் சென்றால், ரத்த அழுத்தம் சட்டென்று சரிவதும் வலிப்பு வருவதும் பதிவாகியிருக்கின்றன. ஃபீனோபார்பிடோன் நிமிடத்திற்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டாமல், அதாவது லோடிங் டோஸ் இருபது நிமிடத்தில் செல்ல வேண்டும். அது காரத்தன்மை மிக்கது. நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் தோல் வெந்துபோகும் என்பதால், ஏற்றும் இருபது நிமிடமும் அந்த இடத்தைத் துணியால் மூடாமல் கண்ணில் படும்படி வைத்திருங்கள். மிடாசோலம் ஓடும் குழாயில் சிறுநீரைக் கூட்டும் ஃப்யூரோசமைடைச் செலுத்தினால் இரண்டும் சேர்ந்து வெண்மையாகத் திரிந்துவிடும்; வேறு வழியில்லையென்றால் இடையில் சலைனால் கழுவிவிட்டுத்தான் அடுத்ததைச் செலுத்த வேண்டும்.

கழுவுவதிலும் கவனம் தேவை. மடையை அடைத்த பிறகும் வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் கடைசி வயலுக்குப் பாய்வதைப் போல, பம்ப்பை நிறுத்திய பிறகும் எக்ஸ்டென்ஷன் குழாயிலும், குழாய்களை இணைக்கும் மும்முனைத் திறப்பானான த்ரீ-வேயிலும் மருந்து தங்கியிருக்கும். 900 கிராம் குழந்தைக்கு அந்தக் குழாய்க்குள் நிற்பதே ஒரு முழு டோஸாகலாம். செடேஷனை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து ஆன்டிபயாடிக் கொடுத்து வேகமாக ஃப்ளஷ் செய்ததும் குழந்தை மூச்சை நிறுத்தினால், பழி ஆன்டிபயாடிக் மீது விழும். காரணமானது பழைய மருந்து. இன்ஃப்யூஷன் நிறுத்தப்பட்டால் அந்தக் குழாயையே மாற்றிவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: மருந்துக்குப் பின் எதைப் பார்ப்பது

முதல் பத்து நிமிடம் தொட்டிலை விட்டு நகரக் கூடாது. அதன்பின் முதல் ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை குறிப்பெழுதுங்கள். அதற்கப்புறமும் இந்தக் கண்காணிப்பு முடிந்துவிடாது. பெரியவர்களில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகும் மார்ஃபின், நிறைமாதக் குழந்தையில் ஆறரை மணி நேரமும் குறைமாதக் குழந்தையில் ஒன்பது மணி நேரமும் எடுத்துக்கொள்கிறது. ஃபீனோபார்பிடோன் முதல் வாரத்தில் பாதியாக நூறு மணி நேரத்திற்கு மேல் ஆகும். எக்கோவுக்கும் ஸ்கேனுக்கும் வாயில் கொடுக்கும் ட்ரைக்ளோஃபாஸ் சிரப்பின் செயல்படு பொருள் ஒரு நாளைத் தாண்டியும் தங்கும். ஸ்கேன் முடிந்து கண் விழித்துவிட்டான் என்று மானிட்டரைக் கழற்றினால் மாலையில் அப்னியா, அதாவது மூச்சு நின்றுபோவது, வரலாம். மருந்து கல்லீரலில் உடைந்து சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டும். பிறந்த சில நாட்களில் இரண்டுமே முழு வலிமையில் இயங்காது. உடல் குளிர்ந்திருந்தால் இன்னும் மெதுவாகும். மூச்சுத் திணறிப் பிறந்து குளிர்விப்புச் சிகிச்சையில் 33.5 டிகிரியில் வைக்கப்பட்ட குழந்தைக்கும், மார்கழிக் குளிரில் ஏற்காட்டிலிருந்து உடல் சில்லிட்டு வந்த குழந்தைக்கும் இது பொருந்தும்.

மூச்சு இருபது வினாடிக்கு மேல் நின்றாலோ, அதைவிடக் குறைவாக நின்றாலும் நாடியோ சாச்சுரேஷனோ விழுந்தாலோ அது அப்னியா. நாடித்துடிப்பு நூறுக்குக் கீழே போவதையும், முதல் நாட்களில் சராசரி ரத்த அழுத்தம் கர்ப்ப வாரங்களின் எண்ணிக்கையை விடக் குறைவதையும், அழுத்தி விட்ட தோல் சிவக்க மூன்று வினாடிக்கு மேலாவதையும் உடனே தெரிவியுங்கள். டெக்ஸ்மெடெட்டோமிடின் என்ற செடேஷன் மருந்து மூச்சை அதிகம் பாதிப்பதில்லை என்பதால் பலருக்கு அதன்மேல் நம்பிக்கை. ஆனால் அது நாடியையும் உடல் வெப்பத்தையும் இறக்கும். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த அறிகுறிகள், மானிட்டரும் கூவிவிடும்.

மானிட்டர் கூவாத விளைவுகள்தாம் நம்மை ஏமாற்றுபவை. அவை வேறொரு நோயின் வேடத்தில் வரும். அந்த நோய்க்கென்று இன்னொரு மருந்து எழுதப்படும். இரண்டாவது மருந்து மூன்றாவதைக் கூட்டிவரும்.

மிடாசோலம் கொடுத்த குறைமாதக் குழந்தைக்குக் கை கால்கள் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். அதை வலிப்பென்று எண்ணி ஃபீனோபார்பிடோன் ஏற்றினால் குழந்தை இன்னும் ஆழமாக மூழ்கும், மூச்சு மந்தமாகும், வெண்டிலேட்டரிலிருந்து பிரிப்பது தள்ளிப்போகும். கையை மெல்ல மடக்கிப் பிடித்தால் அடங்கும் நடுக்கம் வலிப்பு அல்ல. அடங்காவிட்டால், கண் ஒருபுறம் இழுக்கிறதா, வாய் சப்புகிறதா, நாடி கூடவே மாறுகிறதா என்று பார்த்து, இழுப்பு தொடங்கிய நேரத்தையும் கடைசி மிடாசோலம் சென்ற நேரத்தையும் அடுத்தடுத்து எழுதுங்கள். இரண்டு நேரங்களும் ஒரே வரியில் இருந்தால் மருத்துவருக்கு விஷயம் தானாகப் புரியும். உண்மையான வலிப்பாகவும் இருக்கலாம் என்பதால் அழைப்பதைத் தாமதிக்கக் கூடாது. மருந்தின் நேரத்தைச் சொல்லாமல் அழைக்கவும் கூடாது. இதேபோல மிடாசோலத்திற்குப் பின் சில குழந்தைகள் அமைதியடையாமல் முன்பைவிட அதிகமாகத் துடிப்பார்கள். டோஸ் போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போவது அங்கே தவறான திசை.

மார்ஃபின் ஓடும் குழந்தையின் வயிறு மெல்ல உப்பும், பால் செரிக்காமல் பச்சையாகத் திரும்பும், மலம் கழியாது. குடல் அழற்சியோ என்ற அச்சத்தில் பாலை நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்து, ஆன்டிபயாடிக்கை மாற்றுவார்கள். குடல் அழற்சியை ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் மார்ஃபின் குடலின் அசைவை மந்தப்படுத்தும் என்பதும் அந்த உரையாடலில் இடம்பெற வேண்டும். சிறுநீரும் அப்படித்தான். டயப்பர் ஆறு மணி நேரமாக நனையவில்லை என்றதும் சிறுநீரகம் பழுது என்று எண்ணி ஃப்யூரோசமைடு எழுதப்படும். அடிவயிற்றைத் தடவிப் பார்த்தால் சிறுநீர்ப்பை நிரம்பித் தொப்புள் வரை எழும்பியிருக்கும். சிறுநீர் சுரக்கிறது, வெளியேறத்தான் முடியவில்லை. தடவிப் பார்க்க ஐந்து வினாடி போதும்.

ஃபென்டனில் கொடுத்த கணத்திலேயே மார்பு எழும்பாமல் போனால், கையால் மூச்சு கொடுக்கும் அம்பு பேக்கை அழுத்தக் கல்லை அழுத்துவது போலிருந்தால், டியூப் அடைப்பும் நுரையீரல் கசிவும் முதலில் நினைவுக்கு வரும். அவற்றைச் சோதிக்க வேண்டும்தான். ஆனால் மருந்து ஏற்றி ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் இரு பக்கமும் ஒரேபோல் காற்று போகாவிட்டால் அது மார்பு விறைப்பாகவே இருக்கக்கூடும். ஃபென்டனிலை முறிக்கும் நலோக்சோன் அல்லது தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்தால் மார்பு இளகும். ஆகவே ஃபென்டனில் ஏற்றும் முன்பே இவற்றின் அளவைக் குழந்தையின் எடைக்குக் கணக்கிட்டுத் தொட்டிலருகே எழுதி ஒட்டிவிடுங்கள். நெருக்கடியில் யாருக்கும் தசமம் வராது.

ஆறாம் படி: விளைவு தெரிந்தவுடன்

மருந்தை நிறுத்துங்கள். பம்ப்பை நிறுத்தினால் மட்டும் போதாது, குழந்தைக்கு மிக அருகில் உள்ள த்ரீ-வேயை மூடுங்கள். மூத்த செவிலியரையும் மருத்துவரையும் அழைத்துக்கொண்டே மூச்சைக் கவனியுங்கள்: தலையை நேர்நிலையில் வைத்து, சளியை உறிஞ்சி, தேவைப்பட்டால் அம்பு பேக்கால் மூச்சு கொடுங்கள். மாற்று மருந்தைத் தேடி ஓடுவதற்குள் மூச்சு நின்றுவிடக் கூடாது; பேக்கும் மாஸ்க்கும்தான் முதல் மாற்று மருந்து.

மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓப்பியாய்டு மருந்துகளுக்கு மட்டும் நலோக்சோன் வேலை செய்யும்; மிடாசோலத்தையோ ஃபீனோபார்பிடோனையோ அது அசைக்காது. மூச்சு ஒடுங்கியதற்கு வழக்கமாகக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் 0.4 மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் மூன்று கிலோ குழந்தைக்கு அது 0.75 மில்லிலிட்டர். அதன் செயல் மார்ஃபினைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். தெளிந்துவிட்டான் என்று மகிழ்ந்த அடுத்த ஒரு மணி நேரத்தில் குழந்தை மீண்டும் மூழ்கக்கூடும். தாய் போதைப் பொருளுக்கு அடிமையாக இருந்தால் அந்தக் குழந்தைக்கு நலோக்சோன் வலிப்பை வரவழைக்கும் என்பதால் கொடுப்பதில்லை. மிடாசோலத்திற்கு எதிரான ஃப்ளுமாசெனிலும் வலிப்பைத் தூண்டவல்லது. வலிப்புக்காக மிடாசோலம் பெற்ற குழந்தைக்கு அதைக் கொடுப்பதைவிட வெண்டிலேட்டரில் வைத்துக் காத்திருப்பதே மேல்.

ஆம்பூலையும் சிரிஞ்சையும் மிச்ச மருந்தையும் குப்பையில் போடாதீர்கள். லேபிள், பேட்ச் எண், பம்ப் காட்டிய வேகம் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள். தவறு நடந்ததா, மருந்தின் இயல்பா என்பது பிறகுதான் தெரியவரும்.

நாள்பட்ட செடேஷனை நிறுத்துவது பற்றிச் சுருக்கமாக: ஓப்பியாய்டு ஐந்து நாட்களுக்கு மேல் ஓடியிருந்தால் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. தினமும் பத்து முதல் இருபது சதவீதம் வரை குறைத்து வருவது வழக்கம். கீச்சென்ற அழுகை, நடுக்கம், அடிக்கடி தும்மல், கொட்டாவி, இளகிய மலம், காய்ச்சல் ஆகியவை மருந்து விலகும்போது வருபவை. கிருமித் தொற்று என்றோ பசி என்றோ இவற்றை எடுத்துக்கொள்ளும் முன், மருந்து எப்போது குறைக்கப்பட்டது என்று ஷீட்டில் பாருங்கள்.

ஏழாம் படி: குடும்பத்தாருக்குச் சொல்வது

வார்டுக்கு வெளியே காத்திருக்கும் பாட்டி உள்ளே வந்து பார்த்துவிட்டு, “பாப்பா கண்ணே தொறக்கலையே சிஸ்டர்” என்பார். தூங்குகிறான் என்று ஒரு சொல்லில் முடித்துவிட வேண்டாம். தூக்க மருந்து கொடுத்திருக்கிறோம், எதற்காகக் கொடுத்தோம், எவ்வளவு நேரம் இருக்கும், இடையில் மூச்சு குறைந்தால் என்ன செய்வோம் என்று நான்கு வாக்கியங்களில் சொல்லுங்கள். பக்கவிளைவு ஏற்பட்டுவிட்டால் மருத்துவர் முன்னிலையில், அன்றே, மறைக்காமல் சொல்லப்பட வேண்டும். காலையில் கண் திறந்து பார்த்த குழந்தை மதியம் வெண்டிலேட்டரில் கிடப்பதைக் கண்டு குடும்பத்தார் தாங்களாகவே ஒரு காரணத்தை ஊகித்துக்கொண்ட பிறகு நம் விளக்கம் எடுபடாது. இன்னொன்று, தாயின் கண்ணை நம்புங்கள். “இவன் காலையில இருந்த மாதிரி இல்லைங்க” என்று அவர் சொன்னால் முந்தைய குறிப்பை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எட்டாம் படி: பதிவும் அறிக்கையும்

இந்தியாவில் மருந்து விளைவுகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. சந்தேகத்திற்குரிய விளைவுக்கான படிவத்தை மருத்துவர் மட்டுமின்றிச் செவிலியரும் மருந்தாளுநரும் நிரப்பி அனுப்பலாம். பல மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென ஒரு கண்காணிப்பு மையம் இருக்கும். மருந்தியல் துறையில் விசாரியுங்கள். 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் தெரிவிக்கலாம். நோயாளியின் பெயருக்குப் பதிலாக முதலெழுத்துகள், விளைவு தோன்றியபோது வயது, விளைவு என்ன, எப்போது தொடங்கியது, சந்தேகப்படும் மருந்து, அறிக்கையாளர் விவரம் ஆகியவை கட்டாயம். வயதைப் பிறந்த நாட்களில் எழுதுவதோடு கர்ப்ப வாரத்தையும் எடையையும் சேர்த்தால்தான் பச்சிளங்குழந்தையைப் பொறுத்தவரை அந்த அறிக்கைக்குப் பொருள் உண்டு. மருந்துதான் காரணம் என்று நிரூபித்துவிட்டு அனுப்ப வேண்டியதில்லை, சந்தேகமே போதும்.

தப்பு செய்தவர் யார் என்று தேடுவார்களோ என்ற பயத்தில் பலர் இந்தப் படிவத்தைத் தொடுவதேயில்லை. விளைவு வேறு, பிழை வேறு. சரியான அளவில், சரியான வேகத்தில் கொடுத்த மருந்துக்கும் விளைவு வரும். அந்தப் பயம் இருக்கும் பிரிவில் பொறுப்புச் செவிலியர் முதல் சில படிவங்களைப் புதியவரோடு சேர்ந்து நிரப்புவது நல்ல பலன் தரும். மார்ஃபினும் ஃபென்டனிலும் 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துச் சட்டத்திற்கு உட்பட்டவை என்பதால், குழந்தைக்குச் சென்ற அளவும் ஆம்பூலில் மிஞ்சி அழிக்கப்பட்ட அளவும் பதிவேட்டில் சாட்சியின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். விளைவு ஏற்பட்ட நாளில் இந்தப் பதிவேடும் கேஸ் ஷீட்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று அன்றைய ஷிப்ட் முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, டிஸ்சார்ஜ் சீட்டு. எந்த மருந்துக்கு, எந்த அளவில், என்ன விளைவு வந்தது, எதனால் சரியானது என்று தனி வரியாக, மருந்தின் முழுப் பெயரோடு எழுதிக் கொடுங்கள். தாயிடமும் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அதே குழந்தை எக்கோவுக்கோ குடலிறக்க அறுவைக்கோ வரும்போதோ, ஏற்காட்டின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் வலிப்போடு வந்து நிற்கும்போதோ, அங்குள்ள மருத்துவரிடம் நம் கேஸ் ஷீட் இருக்காது. தாயின் பையிலுள்ள அந்தச் சீட்டுதான் இருக்கும்.